நள்ளிரவில் விழிப்பு

உண்டி, உடை, உறையுள் என்னும் மூன்றனையும் பற்றி நம்மவர் பேசாத நாளில்லை. அவற்றோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்க உறக்கத்தைப் பற்றியோ, அது நம்மை விட்டு நீங்கிய பின்னரே பேசத் தொடங்குகின்றோம். தேர்வு நெருங்கும் மாதங்களில் மாணவர் விடுதித் தாழ்வாரங்களிற் காலைதோறும் கேட்கும் முறையீடு ஒன்றுண்டு: "பத்து மணிக்குப் படுத்தேன், நன்றாகவே உறங்கினேன், இரண்டு மணிக்கு விழித்தவன் பின்பு கண் மூடவேயில்லை." இங்ஙனம் முறையிடுவோர் மாணவர் மட்டுமல்லர். ஆசிரியரும், முதுமை எய்திய நம் பழைய மாணவரும் இதனையே கூறுவர். படுத்தவுடன் உறக்கம் வாராமை ஒருவகை. வந்த உறக்கம் இடையில் அறுந்து மீளாமை மற்றொருவகை. பின்னதைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுந்தோம். கூறுவனவற்றுட் பெரும்பாலன முன்னதற்கும் பொருந்தும்.

இவ்வாராய்ச்சிக்கு வாலாஜாபாத்தையும் அதனைச் சூழ்ந்த காஞ்சி நாட்டையும் களமாகக் கொண்டோம். ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிப் பாலாற்றங்கரையில் இருப்பது அவ்வூர். மேற்கே காஞ்சி மாநகர். இடைவழியில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை முதலிய ஊர்கள். நெசவாளர் வீட்டில் உறங்கும் இடமும் தறி நிற்கும் இடமும் ஒன்றே. கிழக்கே சில கல் தொலைவில், பழைய சீவரத்திற்கு எதிர்க்கரையில், ஓர் ஆதுலர்சாலையைப் பற்றிய சோழர் காலக் கல்வெட்டு இருக்கின்றது. காஞ்சியிலோ, ஒரே இரவிற் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து சென்றதாகக் கூறப்படும் பெருமாள் பள்ளிகொண்டுள்ளார். இம்மூன்றும் நம் பொருளுக்கு எவ்வாறு உதவுகின்றன என்பது போகப் போக விளங்கும்.

முதலில் இரவைப் பற்றி நம் முன்னோர் கொண்ட எண்ணத்தை நோக்குவோம். இரவை அவர்கள் ஒரே துண்டாகக் கருதினாரல்லர். தொல்காப்பியர் நாளின் சிறுபொழுதுகளை வகுத்தபோது மாலை, யாமம், வைகறை என இரவைப் பிரித்து, யாமத்தைக் குறிஞ்சிக்கு உரியதாக்கினார். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் மதுரை நகரின் இரவைச் சாமம் சாமமாக வருணித்து, ஒவ்வொரு சாமத்திலும் உறங்கினார் யாவர், விழித்திருந்தார் யாவர் என்று காட்டுகின்றார். கண்வளர்தல், கண்ணயர்தல், துஞ்சுதல், துயிலல் என உறக்கத்திற்குப் பல சொற்கள் இம்மொழியில் உள. அவற்றுள் அறிதுயில் என்பது புறத்தே துயில் போலவும் அகத்தே அறிவு விழித்தும் இருக்கும் நிலையைக் குறிப்பது. பாம்பணைமேற் பள்ளிகொண்டவனுக்கே அதனை உரிமையாக்கினர். மற்றையோர்க்கு அது கைகூடாது என்பதை அவர்கள் நன்கு உணர்ந்திருத்தல் வேண்டும்.

இனி, உறங்கும் உடலில் நிகழ்வது யாது? உறக்கம் மாலை தொடங்கிக் காலைவரை ஒரே ஆழமாய் ஓடும் ஆறன்று. 1953ஆம் ஆண்டில் சிக்காகோ பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவர், உறங்குவோரின் மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் காலங்கள் உண்டெனக் கண்டு வெளியிட்டனர். கனவு மிகுவது அக்காலங்களிலேயாம். அதன்பின் நடந்த ஆராய்ச்சிகளால், உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடங்கொண்ட சுற்றுகளாக அமைகின்றதென்றும், ஓரிரவில் நான்கு ஐந்து சுற்றுகள் நிகழ்கின்றனவென்றும், முதற் சுற்றுகளில் ஆழ்துயிலும் பிற்சுற்றுகளிற் கனவுத் துயிலும் மிகுமென்றும் தெளிவாயிற்று. ஒரு சுற்று முடிந்து மறு சுற்றுத் தொடங்கும் இடத்திற் சிறு விழிப்பு நேர்வது எல்லோர்க்கும் இயல்பு. நலமாக உறங்குவோன் அதனைக் காலையில் மறந்துவிடுகின்றான், அவ்வளவே.

இரண்டு மணியளவில் விழிப்பு நிலைத்துவிடுவதற்கும் காரணமுண்டு. 1982ஆம் ஆண்டில் போர்பெலி என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர், உறக்கத்தை ஆள்வன இரண்டு என்றார். விழித்திருக்குந்தோறும் மூளையில் ஏறிக்கொண்டே போகும் உறக்கச் சுமை ஒன்று. பகலிரவைக் கணக்கிடும் உள்ளுடற் கடிகாரம் மற்றொன்று. அடினோசின் என்னும் பொருள் மூளையிற் சேர்வது அச்சுமைக்கு ஒரு காரணமென்பர். காப்பி உறக்கத்தைக் கெடுப்பது அவ்வடினோசின் அமர வேண்டிய இடங்களிற் காப்பியின் சத்துத் தான் சென்று அமர்ந்துகொள்வதாலேயே. மாலை ஐந்து மணிக்குக் குடித்த காப்பியின் சத்திற் பாதியளவு இரவு பத்து மணிக்கும் பலர் உடலில் நிற்கின்றது. பத்து மணிக்குப் படுத்தவன் இரண்டு மணிக்குள் தன் சுமையின் பெரும்பகுதியை இறக்கிவிடுகின்றான். அதன்பின் அவனை உறக்கத்தில் வைத்திருப்பது பெரும்பாலும் கடிகாரத்தின் கையே. அந்நேரத்தில் ஒரு கொசுவோ, சிறுநீர் உந்துதலோ, மறுநாட் கவலையோ எளிதில் அவனை எழுப்பிவிடும். ஆயின் அவன் அறிய வேண்டுவது ஒன்றுண்டு: உடல் முதன்மையாக வேண்டும் ஆழ்துயிலிற் பெரும்பங்கை அவன் அதற்குள் பெற்றுவிட்டான். "இரவெல்லாம் போயிற்று" என்று அவன் கூறுவது கணக்கிற் பிழை.

விழிப்பு புதிதன்று என்பதற்கு வரலாற்றிலும் சான்று தேடியுள்ளனர். ரோஜர் எக்கர்ச் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர், மேனாட்டார் முற்காலத்தில் முதலுறக்கம், இரண்டாமுறக்கம் என இரண்டாகப் பகுத்து உறங்கினர் என்பதற்குப் பழைய ஏடுகளிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் சான்றுகள் திரட்டி, 2001ஆம் ஆண்டிற் கட்டுரையாகவும் 2005ஆம் ஆண்டில் நூலாகவும் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1992இல், தாமஸ் வேர் என்னும் மருத்துவ அறிஞர் சிலரை ஒரு மாத காலம் நாள்தோறும் 14 மணி நேரம் இருளில் இருக்கச் செய்தார். நாளடைவில் அவர்கள் உறக்கம் இரண்டு பகுதியாகப் பிரிந்து, இடையே அமைதியான விழிப்பு நிலவியதைக் கண்டார். இவற்றைப் படித்துவிட்டு இரட்டையுறக்கமே இயற்கை நெறி என்று முடிவுகட்டுவாரும் உளர். அம்முடிவை நாம் ஏற்கவில்லை. மின்விளக்கில்லாது வாழும் ஆப்பிரிக்க, தென்னமெரிக்கக் குடிகள் மூன்றனை ஆராய்ந்து 2015இல் வெளிவந்த ஆராய்ச்சியில், அவர்கள் பெரும்பாலும் ஒரே தொடராகவே உறங்கினரென்றும், அதுவும் சராசரியாக 5.7 முதல் 7.1 மணி நேரமேயென்றும் தெரிந்தது. ஆகவே எட்டு மணி நேரம் இடையறாது உறங்கியே தீர வேண்டுமென்பதும், நள்ளிரவில் எழுந்தேயாக வேண்டுமென்பதும் இரண்டும் மிகை. விழிப்பு நேரலாம்; நேராமலும் இருக்கலாம்.

அங்ஙனமாயின் அது நோயாவது எவ்வாறு? ஐயம்பேட்டை நெசவாளர் ஒருவரை மனத்திற்கொண்டு பார்ப்போம். மகள் திருமணத்திற்குக் கடன் வாங்கினார். தீபாவளிக்குள் முடித்துத் தரவேண்டிய சேலைகள் தறியில் நிற்கின்றன. கவலையால் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வருகின்றது. இது இயல்பு. மறுநாட் களைப்புத் தீர இரவு எட்டு மணிக்கே படுக்கின்றார். பகலிற் பாவின் அருகே சிறிது கண்ணயர்கின்றார். காப்பியை ஒன்றுக்கு மூன்றாக்குகின்றார். எட்டு மணிக்குப் படுத்தவர்க்குப் பன்னிரண்டு மணிக்கே விழிப்பு வருகின்றது. படுத்தபடியே மணி பார்க்கின்றார், "இப்பொழுது உறங்கினால் நான்கு மணி நேரம் கிடைக்கும், இப்பொழுதானால் மூன்று" என்று கணக்கிடுகின்றார். கணக்கிடுந்தோறும் நெஞ்சு துடிக்கின்றது. சில மாதத்திற் சேலைகள் முடிந்தன, கடனும் தீர்ந்தது, விழிப்பு மட்டும் தீரவில்லை. 1987இல் ஸ்பீல்மன் என்னும் உளநூலார் இதனையே வகைப்படுத்தி, நோய்க்கு இடந்தரும் இயல்பு ஒன்று, அதனைத் தொடங்கி வைக்கும் நிகழ்ச்சி ஒன்று, நிலைநிறுத்தும் பழக்கம் ஒன்று என மூன்றாக்கினார். தொடங்கி வைத்தது போன பின்னும் நிலைநிறுத்துவது நின்றுவிடுகின்றது. படுக்கை என்றாலே விழித்துக் கணக்கிடும் இடம் என்று உடல் கற்றுக்கொண்டது. தேர்வு முடிந்த பின்னும் உறங்காத மாணவனுக்கும் இதுவே கதி. அவனுக்குக் கைப்பேசி என்னும் துணையும் உண்டு. நெசவாளர் சுவரிற் பார்த்த மணியை அவன் தலையணையடியிலேயே வைத்திருக்கின்றான்.

ஆகவே மருந்து விழிப்பிற்கு வேண்டுவதன்று. படுக்கையில் விழித்துக் கிடக்கும் பழக்கத்திற்கே வேண்டும். இங்கே காஞ்சிப் பெருமாளை நினைவு கூர்வது பொருந்தும். திருவெஃகாவிற் பள்ளிகொண்ட அவரைப் பெரும்பாணாற்றுப்படையும் குறிக்கின்றது. பல்லவ மன்னன் திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணரை நகரைவிட்டுப் போகுமாறு பணித்தான். சீடரோடு ஆழ்வாரும் புறப்பட்டார். புறப்படுகையிற் பெருமாளையும் தம் அரவப் பாயைச் சுருட்டிக்கொண்டு வருமாறு வேண்டினார். பெருமாளும் அவ்வாறே எழுந்து சென்றார் என்பது வரலாறு. அவர்கள் ஓரிரவு தங்கிய இடம் ஓரிரவிருக்கை எனப்பட்டு, இன்று காஞ்சியை அடுத்த ஓரிக்கையாக வழங்குகின்றது. மன்னன் வருந்தி வேண்டவே மூவரும் திரும்பினர். பெருமாள் மீண்டும் பாயை விரித்துக் கிடந்தார். சொன்னவண்ணம் செய்த பெருமாள் என்னும் பெயர் அதனால் வந்தது. பக்தியின் பெருமை கூறும் இக்கதையில் நாம் எடுத்துக்கொள்வது சிறியதொரு செய்தியே: பாய் சுருட்டத்தக்கது, மீண்டும் விரிக்கத்தக்கது.

1972ஆம் ஆண்டில் பூட்சின் என்னும் அமெரிக்க உளநூலார் வகுத்த முறை ஏறக்குறைய இதுவேயாம். உறக்கம் கண்ணை அழுத்தும்போதே படுக்க வேண்டும். படுக்கை உறக்கத்திற்கன்றிப் படிப்பதற்கும், உண்பதற்கும், கவலைப்படுவதற்கும் ஆகாது. விழித்து ஒரு கால்மணி நேரம் கழிந்ததாகத் தோன்றினால், மணியைப் பாராமலே எழுந்து வேறிடம் செல்ல வேண்டும். மீண்டும் உறக்கம் வந்தபின்பே திரும்ப வேண்டும். ஓரிரவில் எத்தனை முறை நேரினும் இதனைச் செய்ய வேண்டும். காலையில் எழும் நேரமோ ஒருநாளும் மாறலாகாது. பகலுறக்கம் கூடாது.

வேறிடம் செல் என்பது தனியறை உடையார்க்கு எளிது. தறி பாதியும் பெட்டிகள் பாதியுமாக அடைத்த ஒற்றையறையில், மனைவி மக்கள் வரிசையாகப் படுத்திருக்க, நடுவில் விழித்தவர் எங்கே செல்வார்? இவ்வினாவை மேனாட்டு நூல்கள் எழுப்புவதில்லை. ஆனால் நெசவாளரிடம் மேனாட்டார்க்கில்லாத வசதி ஒன்றுண்டு, அதுவே பாய். கட்டில் பகலெல்லாம் அறையில் நின்று உட்காரவும் சாயவும் அழைக்கின்றது. விடுதி மாணவன் அதன்மீதே படிக்கின்றான், உண்கின்றான், அரட்டை அடிக்கின்றான். இரவில் அது அவனுக்கு உறக்கத்தை நினைவூட்டாதது வியப்பன்று. பாயோ விடிந்தவுடன் சுருண்டு மூலைக்குச் செல்கின்றது. நள்ளிரவில் எழுந்தவர் தம் பாயைச் சுருட்டிச் சார்த்திவிட்டுத் திண்ணையிலோ, தறியின் பக்கத்துச் சுவரோரத்திலோ சாய்ந்து உட்காரலாம். அவர்க்குப் படுக்கை அப்பொழுது இல்லாமற் போயிற்று. கண் சொருகும்போது மீண்டும் விரித்துக்கொள்ளலாம். விடுதியிற் கட்டிலுடையார் படுக்கையைச் சுருட்டி வைத்து நாற்காலியில் அமர்வது இதற்கு ஒப்பாகும்.

உட்கார்ந்து செய்வது யாது? மங்கிய விளக்கில், பயனும் பரபரப்பும் இல்லாத ஏதேனும் ஒன்று. அரிசியிற் கல் பொறுக்கலாம். பழைய இதழ்களைப் புரட்டலாம். தறியில் இறங்குதல் தகாது. ஓசையால் மற்றவர் எழுவர் என்பதோடு, விழிப்பிற்குக் கூலியும் கிடைத்துவிட்டால் அது நாள்தோறும் வரும். மாணவன் தேர்வுப் பாடத்தை எடுப்பதும் அத்தகையதே. அகாஸ்வேரு என்னும் பெர்சிய மன்னன் உறக்கம் வாராத இரவொன்றில் நாளாகமப் புத்தகத்தைப் படிக்கச் செய்து கேட்டான் என்று எஸ்தரின் வரலாறு கூறும். அரசாங்கக் குறிப்பேட்டைக் காட்டிலும் உறக்கம் தருவது யாதுண்டு? ஆயினும் அதில் மொர்தெகாயின் செய்தி வந்து அரசனை முற்றும் விழிக்கச் செய்துவிட்டது. தேர்ந்தெடுக்கும் நூல் இன்னும் சப்பென்றிருத்தல் நன்று.

இதனோடு சேர்ந்த மற்றொரு முறை, கேட்டவுடன் பலர் மறுப்பது. இரவு பத்து முதல் காலை ஆறு வரை கிடந்து ஐந்தரை மணி நேரமே உறங்குபவன், இனி ஐந்தரை மணி நேரமே படுக்க வேண்டும் என்பது. அவன் ஆறு மணிக்கு எழ விரும்பினால் நள்ளிரவு பன்னிரண்டரைக்கு முன் படுக்கலாகாது. உறக்கம் குறைந்தவனை இன்னும் குறைத்துப் படுக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். முதல் வாரம் கொடுமையே. ஆயின் சுமை ஏறி, உறக்கம் நெருங்கி, இடைவிழிப்பு சுருங்குகின்றது. படுத்த நேரத்திற் பத்தில் ஒன்பது பங்கு உறங்கும் நிலை வந்தால், வாரத்திற்குக் கால்மணி நேரம் நீட்டிக்கொள்ளலாம். ஐந்து மணிக்குக் கீழே குறைத்தல் ஒருபோதும் கூடாது. வண்டி ஓட்டுவோரும், வலிப்பு நோயுடையாரும், மனக்கிளர்ச்சி நோயுடையாரும் மருத்துவரைக் கேளாமல் இதனை மேற்கொள்ளுதல் தகாது. இவ்விரு முறைகளோடு உறக்கத்தைப் பற்றிய தவறான எண்ணங்களைத் திருத்துவதும் சேர்ந்த பயிற்சியையே நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலிற் கொடுக்க வேண்டுமென அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவித்தது. மாத்திரை அதற்குப் பின்னரே.

மருந்தைப் பற்றிக் கூறுமுன் திருமுக்கூடலுக்குச் செல்வோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்து வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, அஃதாவது கி.பி. 1067–68 அளவிலான, நெடிய கல்வெட்டொன்று உள்ளது. வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலர்சாலையில் 15 படுக்கைகள் இருந்தன; மருத்துவர் ஒருவர், சல்லியம் செய்வார் ஒருவர், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்கு ஊதியம் வகுக்கப்பட்டது. அங்கேயே ஒரு கல்விச்சாலையும் மாணவர் விடுதியும் இருந்தன. மாணவர்க்குச் சனிக்கிழமைதோறும் எண்ணெய் முழுக்கிற்கு எண்ணெய் அளிக்கப்பட்டது. நம் விடுதியினர் இதனைப் படித்துப் பொறாமை கொள்ளினும் தவறில்லை. ஆதுலர்சாலையில் இரவில் எரியும் விளக்கிற்கும் எண்ணெய் ஒதுக்கினர். நோயாளி நள்ளிரவில் விழிப்பான், அப்போது இருளில் அவனைத் தனியே விடலாகாது என்று கருதியவர் யாரோ, அவர் பேர் கல்லில் இல்லை. சேர்த்து வைத்த மருந்துகளின் பட்டியலிற் புராண கிருதம் என்னும் பழைய நெய் உள்ளது. ஆயுர்வேத நூல்கள் அதனை மனக்கலக்க நோய்களுக்கு விதிக்கின்றன.

எண்ணெய் முழுக்கினால் உறக்கம் வருமென்னும் நம்பிக்கையில் உண்மையும் உண்டு. படுப்பதற்கு ஓரிரண்டு மணி நேரம் முன் வெந்நீராடினால், தோல்வழியே வெப்பம் வெளியேறி உடலின் உட்சூடு தணியும். அத்தணிவே உறக்கத்தைத் தூண்டுவது. அமுக்கராவுக்குத் தாவர நூலார் இட்ட இலத்தீன் பெயரிற் பின்மொழியின் பொருளே உறக்கம் தருவது என்பதாம். சிறு ஆராய்ச்சிகள் சில அதற்கு ஆதரவாக உள்ளன. எனினும் கருவுற்றார் அதனை உண்ணலாகாது. சாதிக்காயைப் பாலில் இழைத்துக் குடிப்பது வழக்கம். அளவு மிகுந்தால் அது நஞ்சாய்ப் பிதற்றலையும் நெஞ்சுத் துடிப்பையும் உண்டாக்கும். கள்ளும் சாராயமும் உறக்கம் தருமென்று அருந்துவோர் ஏமாற்றப்படுகின்றனர். அவை முன்னிரவில் வீழ்த்திப் பின்னிரவில் எழுப்புவன; இரண்டு மணி விழிப்பிற்கு அவற்றினும் உறுதியான வழி வேறில்லை. மாத்திரைகளின் கதை 1903இல் வெரோனால் என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது தொட்டு ஒரே வகையாகவே நடந்து வந்துள்ளது: முதலில் தீங்கற்றது என்பர், பிறகு பழக்கமாகும், நிறுத்தினால் முன்னிலும் மிகுதியாக விழிப்பு வரும். மருத்துவர் குறித்த சில நாட்களுக்கு அது பயன்படும். கடையில் தாமே கேட்டு வாங்கி உண்பதும், நெடுநாள் உண்டதைத் திடீரென்று நிறுத்துவதும் இரண்டும் தீங்கே.

பாயைச் சுருட்டுவதால் தீராத விழிப்புகளும் உண்டு. உரக்கக் குறட்டை விட்டு, மூச்சு முட்டித் திடுக்கிட்டு எழுவோர்க்கு உறக்கத்தில் மூச்சடைப்பு நோய் இருக்கலாம். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழுவோர் நீரிழிவு உண்டாவெனச் சோதித்தல் வேண்டும். மூன்று நான்கு மணிக்கே விழித்து, விடியும்போது வாழ்வே வெறுத்து, முன்பு விரும்பிய எதிலும் விருப்பமின்றி இரு வாரங்களுக்கு மேல் கழிப்போர்க்கு அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாகலாம். நம் மாணவருள் இவ்வகையினரே நம் கவலைக்கு முதலில் உரியர். இவர்கள் முறையிடுவது உறக்கத்தைப் பற்றியே. உள்ளிருப்பதைச் சொல்ல நாணுவர். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றியதாக ஒரு நண்பன் நள்ளிரவிற் கூறினால், விடியட்டும் என்று காத்திராமல் அவனோடு இருந்து, விடுதிக் காப்பாளரை எழுப்பி, மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மற்றையோர் மேற்கூறிய முறையை ஒரு மாதமேனும் விடாது செய்து பார்ப்பாராக. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் சிறப்பாக ஒன்றைக் கவனித்தல் வேண்டும். விடுதியில் ஆறு மணிக்கு எழுந்தவன் வீட்டில் ஒன்பது மணிவரை கிடந்தால், மூன்று வாரத்துப் பயிற்சி மூன்று நாளிற் கெடும். வாலாஜாபாத்திலும் ஐயம்பேட்டையிலும் வீடுடையார்க்கு இத்தொல்லை குறைவு. வெயில் ஏறுமுன் பாவை வீதியில் நீட்டிச் சரிசெய்ய ஆள் வேண்டும். ஒரு தலைப்பைப் பிடிக்கத் தந்தையார் மகனை எழுப்புவார். எழுப்பும்போது எழுந்துவிடுக.